இடக்கையால் ஒரு கோப்பி

அத்தியாயம் ஆறு

கட்டின கணவன் செத்திருக்க வேண்டும் என்று மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துகிற மனைவியை நீங்கள் கண்டிருக்கிறீர்களா? நான் கண்டேன். ஒஸ்லோவின் ஹவுகெட்டோவில், ஒரு மூன்றாம் மாடி வீட்டில், பட்டப்பகலில்.

பெயர் யோசெப்பின். மன்னார் பக்கம். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. மெழுகுதிரியைக் கொளுத்திவிட்டு வந்து எங்களுக்கு முன்னால் இரண்டு சாமான்களை வைத்தார். ஒன்று அவருடைய ஒரே மகள் யூலியாவின் கல்யாண அழைப்பிதழ், அச்சுக்குப் போகமுன் சரிபார்க்க வந்த மாதிரி. மற்றது மூலை நைந்த பழைய அட்டைப்பெட்டி.

"நாளைக்குக் காலமை அச்சுக்குப் போகுது," என்றார். "அச்சடிக்கிறவர் கேட்டுக் கேட்டுக் களைச்சுப் போனார். மாப்பிள்ளை வீட்டுக்காரர் அதுக்கு மேலை. இதில என்ன போடிறதெண்டு நீங்கள்தான் கண்டுபிடிச்சுச் சொல்லோணும்."

அவர் விரல் வைத்த இடத்தில் 'பிலேந்திரன் – யோசெப்பின் தம்பதிகளின் ஏக புத்திரி' என்று இருந்தது. பிலேந்திரன் என்ற பெயருக்கு முன்னால் ஒரு வெற்றிடம். 'காலஞ்சென்ற' என்ற சொல் போய் உட்காருகிற அளவு வெற்றிடம்.

விசயம் இதுதான். இருபத்திமூன்று வருடங்களுக்கு முன் பிலேந்திரன் நோர்வேயின் வடகோடியில், ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர். விசா எடுத்து மனைவியையும் நாலு வயதுப் பிள்ளையையும் கூப்பிட்டார். அவர்கள் ஒஸ்லோ விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். அவர் வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, பிறகும் வரவில்லை. அவர் அங்கிருந்து ஒஸ்லோ விமானத்தில் ஏறவேயில்லை என்றது பொலிஸ். அப்படியென்றால் யாரோ ஒருத்தியோடு காரில் ஏறியிருப்பார் என்றது எங்கள் சனம். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் கேட்கவும் வேண்டுமா? கனடாவில் கண்டேன் என்றார் ஒருவர். கையில் குழந்தையோடு கண்டேன் என்றார் இன்னொருவர்.

"பெப்ரவரி மாசம்," என்றார் யோசெப்பின். "பிள்ளை பருத்திச் சட்டையோட நடுங்கிக்கொண்டு நிண்டவள். 'குளிர் உடுப்பு ஒண்டும் வேண்டாதையும், பிள்ளைக்கு நான் கொண்டு வாறன்' எண்டு ரெலிபோனில சொன்னவர். அதை நம்பி வந்தனான். கடைசியில அங்கை கூட்டிற மனுசிதான் தன்ரை சால்வையைக் கழட்டிப் போர்த்தினது."

"அக்கா," என்றாள் என்னோடு வந்த துஷாரா மெதுவாக, "அவர் உயிரோட இருக்கிறார் எண்டு தெரிஞ்சா?"

"உயிரோட இருந்தா எங்களை விட்டிட்டுப் போனவர். செத்திருந்தா வரஏலாமல் போனவர்." யோசெப்பின் மெழுகுதிரிப் பக்கம் பார்த்தார். "கடவுள் என்னை மன்னிக்கட்டும். அவர் செத்திருக்கோணும் எண்டுதான் கும்பிடுறன்."

 

எங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். துஷாரா இருபது வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். மற்றவர்களின் பொய்யைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்து அலுத்துப்போய், உண்மையைத் தேடித் தனியாகத் துப்பறியும் தொழிலைத் தொடங்கினாள். நான் பரமநாதன். ஒஸ்லோவில் பஸ் ஓட்டிப் பென்சன் எடுத்தவன், வெஸ்ட்லியில் வீடு. துஷாராவுக்கு நான் கார் ஓட்டி, தேநீர் வாங்கிக் கொடுத்து, அவள் கேட்காத நேரத்திலும் கருத்துச் சொல்வேன்.

யோசெப்பின் அட்டைப்பெட்டியைத் திறந்தார். கணவனின் அறையிலிருந்து தொழிற்சாலைக் கூட்டாளிகள் அனுப்பிவைத்த சாமான்கள். ஒரு செபமாலை, கல்யாணப் படம், இரண்டு சேட்டு. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வெள்ளைத் தொப்பி. விளிம்பும் இல்லை, தையலும் இல்லை, அழுத்திய தடிப்புக் கம்பளி. முட்டை ஓட்டைப் பாதியாக உடைத்துக் கவிழ்த்த மாதிரி இருந்தது.

"கடையில விக்கிற சாமான் இல்லை," என்றார். குரல் மாறிவிட்டது. "ஆரோ ஒருத்தி கையால செய்து குடுத்திருக்கிறாள். இவ்வளவு வருசமா எறியவும் மனமில்லை, வைச்சுப் பாக்கவும் மனமில்லை."

"இட்டலித் தட்டில வைச்சு அவிச்செடுத்த மாதிரியெல்லோ கிடக்கு," என்றேன் நிலைமையை இலேசாக்க. மேசைக்குக் கீழே துஷாராவின் சப்பாத்து என் காலைத் தேடி வந்து மிதித்தது.

அவள் தொப்பியை வாங்கி உட்புறத்தை வெளியே திருப்பினாள். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள். பிறகு கல்யாணப் படத்தை எடுத்துப் பார்த்தாள்.

"அக்கா, ஒருத்தி ஆசையாய்ப் புதுசாச் செய்து குடுத்த தொப்பியெண்டா உள்ளுக்குள்ள இவ்வளவு பழைய வியர்வைக்கறை ஏன்? இது ஆரோ ஒரு ஆம்பிளை வருசக்கணக்காப் போட்டுத் தேய்ச்ச தொப்பி. உங்கட மனுசனுக்குச் சின்னத் தலை. இதைப் போட்டா காது மூடுப்பட்டுப் போம். ஆசை வைச்சவளுக்கு அளவு தெரியாமல் போகுமோ?"

யோசெப்பின் தொப்பியை முதல்முறையாகப் பார்ப்பவர் போல் பார்த்தார். இத்தனை வருடமும் ஒரு பெண்ணின் விரல்களைத்தான் அவர் அதில் பார்த்திருக்கிறார்.

"உந்தத் தொப்பியை எனக்குத் தெரியும்," என்றேன் நான்.

துஷாரா திரும்பினாள். "பரமண்ணை, பகிடி வேண்டாம்."

"பகிடி இல்லை. நவம்பர் கடைசியில அல்பேனியருக்குக் கொடிநாள் வரும். சிவப்புக் கொடியும் கறுப்புக் கழுகுமா என்ரை பஸ்ஸில ஏறுவினம். வயசான ஆக்களின்ரை தலையில இதுதான் இருக்கும். இங்கை ஒஸ்லோ குரோன்லாண்டில ஒரு நிலக்கீழ்க் கடை, கண்ணாடிக்குள்ள இதே தொப்பி. அந்தச் சந்திச் சிவப்பு விளக்கில நிண்டு நிண்டு அதைப் பார்த்தே நான் பென்சன் எடுத்தனான்."

"முப்பது வருசத்தில முதல்தரமா உங்கட வேடிக்கை பார்க்கிற குணம் உதவியிருக்கு," என்றாள் துஷாரா. "காரை எடுங்கோ."

* * *

அது புத்தகக்கடை. படியிறங்கி உள்ளே போனால் சுவர் தெரியாமல் புத்தகம். கடைக்காரர் பெயர் பஷ்க். அறுபதைத் தாண்டிய, வாட்டசாட்டமான ஆள், ஒரு சின்ன முக்காலியில் குந்தியிருந்தார். நாங்கள் கதைத்ததெல்லாம் நோர்வேஜிய மொழியில். உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.

"நாவல் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"இல்லை."

"சமையல் புத்தகம்?"

"இல்லை."

"அப்படியென்றால் வியாபாரம்?"

"அதுவும் இல்லை," என்றார். சிரிக்கவில்லை.

அங்கே இருந்தது ஒரேயொரு சங்கதி. வடக்கு அல்பேனியாவின் மலைநாடு. ஜெர்மன், இத்தாலியன், ஆங்கிலம், அல்பேனியன், நோர்வேஜியன் என்று எந்த மொழியில் யார் எழுதினாலும் அந்த மலைகளைப் பற்றியே எழுதியிருந்தார்கள். துஷாரா தொப்பியைக் காட்டவில்லை. ஒரு படப்புத்தகத்தை எடுத்து விரித்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரிக் கேட்டாள். கேட்டதும் மனிதருக்கு உயிர் வந்துவிட்டது. எழுந்து வந்து பக்கம் பக்கமாகக் காட்டினார்.

கல்லால் கட்டிய கோபுர வீடுகள், சன்னல் கைபோகிற அளவுதான். இரத்தப்பழியில் மாட்டிய ஆண்கள் வருடக்கணக்காக அதற்குள்ளேயே அடைந்து கிடந்தார்களாம். கலியாணம் கட்டமாட்டேன் என்று சத்தியம் செய்து, தலைமயிரை வெட்டி, ஆணுடை போட்டு, குடும்பத்துக்குத் தலைவராக வாழ்ந்த பெண்களின் படங்கள். சத்தியத்துக்கு அவர்கள் சொல் 'பெசா'. கொடுத்தால் கொடுத்ததுதான். வீட்டில் முதலிடம் கடவுளுக்கு, இரண்டாமிடம் வாசலில் வந்து நிற்கிறவனுக்கு, வீட்டுக்காரனுக்கு மிச்சம் இருந்தால் பார்க்கலாம்.

"எல்லாவற்றுக்கும் சட்டம் வைத்திருந்தார்களா?" என்றாள் துஷாரா.

"தேன்கூட்டுக்கு உண்டு. நாய்க்கு உண்டு. மாவரைக்கிற ஆலைக்குப் போகிற தண்ணீருக்கு உண்டு. மலையில் இருக்கிற எல்லாவற்றுக்கும் உண்டு," என்றவர் அதோடு நிறுத்திப் புத்தகத்தை மூடினார்.

அந்த நேரம் உள்ளறையிலிருந்து இருபது வயதுப் பெண்ணொருத்தி கோப்பித் தட்டோடு வந்தாள். மகள், பெயர் லூலே. சின்னச் சின்னக் கோப்பை. தட்டை மேசையில் வைத்தாள். துஷாராவுக்கு வலக்கையால் கொடுத்தாள். எனக்கும் வலக்கையால், நெஞ்சில் மற்றக் கையை வைத்து, மரியாதையாக. தகப்பன் திரும்ப முக்காலியில் அமர்ந்திருந்தார். அவள் கோப்பையை இடக்கைக்கு மாற்றினாள். குனிந்து, தன் முழங்காலுக்குக் கீழால் நீட்டினாள். அவர் அதைத் தன் இடக்கையால் வாங்கினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பெத்த தேப்பனுக்கு இடக்கையாலயோ! அதுவும் காலுக்குக் கீழாலை. நாய்க்கு வைக்கிற மாதிரியெல்லோ வைக்கிறாள்," என்று தமிழில் முணுமுணுத்தேன்.

"பார்த்தனான். வாயை மூடுங்கோ," என்றாள் துஷாரா. ஒரு நோர்வேக்காரர் அங்கே இருந்திருந்தால் இது கண்ணிலேயே பட்டிருக்காது. கையில் என்ன இருக்கிறது என்று அவர்கள் பார்ப்பார்கள். எந்தக் கை என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

துஷாரா லூலேயிடம் சிரித்த முகமாகக் கேட்டாள். "நீங்கள் இடக்கைப் பழக்கமா?"

"இல்லையே," என்றாள் அந்தப் பிள்ளை. "அப்பாவுக்கு மட்டும் இப்படிக் கொடுக்க வேண்டும். எங்கள் ஊர் வழக்கம். சின்ன வயதில் இருந்தே அப்பா இப்படித்தான் பழக்கியிருக்கிறார்."

பஷ்க்கின் கோப்பை வாய்க்குப் போகிற வழியில் நின்றது. துஷாரா அப்போதுதான் கைப்பையைத் திறந்து தொப்பியை மேசையில் வைத்தாள்.

மனிதர் பேயறைந்தவர் மாதிரிப் போனார். கோப்பையைத் தரையில் வைத்துவிட்டுத் தொப்பியை எடுத்தார். நாங்கள் பார்த்த மாதிரியே உட்புறத்தைத் திருப்பினார். முகத்தை அதற்குள் புதைத்தார். பிறகு எங்களைப் பார்க்காமல் சொன்னார்.

"கடை மூடியாயிற்று. தயவுசெய்து போங்கள்."

"அப்பா, இன்னும் நேரமிருக்கே," என்றாள் லூலே.

"மூடியாயிற்று."

"இந்தப் புத்தகம்?" என்று கையிலிருந்ததைக் காட்டினாள் துஷாரா.

கொண்டுபோங்கள் என்று கையை அசைத்தார். தொப்பியைத் திருப்பித் தரவில்லை.

* * *

"ஆள் ஆப்பிட்டுப் போனார்," என்றேன் காருக்குள் ஏறியதும். "பழிக்குப் பழி வாங்கிற கூட்டம். இவர்தான் முடிச்சிருக்கிறார். பொலிசுக்கு ரெலிபோன் அடியும், பிள்ளை. நான் பின்கதவடியில நிக்கிறன். அதாலை ஓடினா மடக்கலாம்."

"உங்கட முழங்காலோட மடக்கிறதெண்டா அவர் ஆறுதலா ஓடோணும்."

அவள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு பக்கத்தில் நின்றாள். பழைய கறுப்பு வெள்ளைப் படம். ஆண்கள் அடுப்பைச் சுற்றி வட்டமாக இருக்கிறார்கள். எல்லோர் கையிலும் கோப்பை. ஒருவனுக்கு மட்டும் பக்கத்தில் இருப்பவன் தன் முழங்காலுக்குக் கீழால், இடக்கையால் நீட்டுகிறான். வாங்குகிறவன் தலை குனிந்திருக்கிறது.

"கேளுங்கோ," என்று கீழே இருந்த விளக்கத்தைத் தமிழாக்கினாள். "ஒருவனுடைய பாதுகாப்பில் இருந்த விருந்தாளி கொல்லப்பட்டு, அவன் அதற்குப் பழி வாங்காமல் இருந்தால், சபையில் அவனுக்கு எதையும் இடக்கையால், முழங்காலுக்குக் கீழால்தான் கொடுப்பார்கள். பழி தீர்க்கும்வரை அந்த அவமானம் தீராது."

நான் எஞ்சினை நிறுத்தினேன்.

"சபை செய்யிற அவமானம் இது, பரமண்ணை. ஒஸ்லோவில இவருக்குச் சபையும் இல்லை, கேக்க ஆளும் இல்லை. அதாலை பெத்த பிள்ளைக்கே காரணம் சொல்லாமல் பழக்கி, தன்ரை வீட்டிலயே தனக்குத்தானே செய்விக்கிறார். ஒவ்வொரு நாளும். ஒவ்வொரு கோப்பிக்கும்."

"அப்ப பிலேந்திரன் இவரின்ரை விருந்தாளி?"

"ஓம்."

"அப்ப கொலை செய்தது வேற ஒருத்தன். அவன் ஆரெண்டு இவருக்குத் தெரியும். தெரிஞ்சும் கை வைக்கேல்லை."

"வாங்கோ," என்று கதவைத் திறந்தாள். "ஆரெண்டு கேப்பம்."

கடைக்கதவு பூட்டியிருக்கவில்லை. பஷ்க் அதே முக்காலியில், மடியில் தொப்பியோடு இருந்தார். லூலே சுவரோடு சாய்ந்து பயந்துபோய் நின்றாள்.

"உங்கள் விருந்தாளியின் பெயர் பிலேந்திரன்," என்றாள் துஷாரா. "அவரைக் கொன்றது யார்?"

அவர் நிமிர்ந்தார். "அவருடைய மனைவி உயிரோடு இருக்கிறாரா?"

"இருக்கிறார்."

"அந்தக் குழந்தை?"

"அவளுக்குக் கல்யாணம் வருகிறது."

பெரிய உடம்பு, முழுவதுமாகக் குலுங்கியது. அழுது முடியும்வரை காத்திருந்தோம். பிறகு அவர் சொன்னார். தன் மகளுக்கும் அன்றைக்குத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

ஊரில் பஷ்க்கின் அண்ணன் ஒருவனைச் சுட்டுவிட்டான். அண்ணன் செத்த பிறகு பழிக்கணக்கு இவர் தலையில் விழுந்தது. தப்பி நோர்வேக்கு வந்தார். கையில் ஒரு விசாக் கடதாசியும் இல்லை. ஹம்மர்பெஸ்டுக்கு எதிர்க்கரையில், தண்ணீருக்கு அப்பால், பாழடைந்த மீனவக் குடிசையொன்றில் ஒளிந்திருந்தார். அவர் அங்கே இருப்பது பிலேந்திரன் ஒருவருக்குத்தான் தெரியும். சோறு, மீன்குழம்பு, போர்வை, ஒரு பழைய கைத்தொலைபேசி, எல்லாம் பிலேந்திரன் படகில் கொண்டுவந்து கொடுத்தது. "திருப்பிக் கொடுக்க என்னிடம் என் தகப்பனின் தொப்பிதான் இருந்தது. அதைக் கொடுத்தேன். தலைக்குப் பெரிது என்று சிரித்தார்."

குடும்பம் வந்து சேர்வதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சொல்லிக்கொண்டு போகப் பிலேந்திரன் வந்தார். கையில் ஒரு பை. மகளுக்கு வாங்கிய சிவப்புக் குளிர்ச்சட்டை. அதை மேசையில் விரித்து, கையை மடக்கி, ஸிப்பைப் பூட்டித் திறந்து, பத்துத் தரம் காட்டினாராம். கோப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே காற்றுக் கிளம்பியது. கெதியாகப் போக வேண்டும் என்று ஓடிப்போய்ப் படகில் ஏறினார்.

"சட்டையைக் கதிரையில் மறந்துவிட்டார்," என்றார் பஷ்க். "நான் அதை எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடினேன். கூப்பிட்டேன், காற்றில் கேட்கவில்லை. அதனால் சட்டையைத் தூக்கி ஆட்டினேன். சிவப்பு அல்லவா, கண்டுகொண்டார். கையைத் தூக்கினார், வருகிறேன் என்கிற மாதிரி. படகைத் திருப்பினார்."

லூலே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"திருப்புகையில் அலை படகின் விலாவில் அடித்தது. அவ்வளவுதான். இன்னொரு தரம் கூப்பிட நேரம் இருக்கவில்லை. கொன்றது யார் என்று கேட்டீர்கள். முதலில் கடல் என்று சொல்லிப் பார்த்தேன். நேரே போயிருந்தால் அவர் போய்ச் சேர்ந்திருப்பார். திரும்ப வைத்தது நான். பழி வாங்க வேண்டியவனின் முகத்தை ஒவ்வொரு நாளும் கண்ணாடியில் வைத்துச் சவரம் செய்கிறேன்."

துஷாரா விடவில்லை. நீதிமன்றப் பழக்கம்.

"கையில் தொலைபேசி இருந்ததே."

"இருந்தது. அவர் தந்த தொலைபேசி. காப்பாற்றியிருக்க முடியாது, அந்தத் தண்ணீரில் யாரும் பிழைப்பதில்லை. ஆனால் சொல்லியிருக்கலாம். கூப்பிட்டால் வருவார்கள், நீ யார் என்று கேட்பார்கள், திருப்பி அனுப்புவார்கள். ஊரில் எனக்காகத் துவக்கோடு காத்திருந்தார்கள். நான் பயந்தேன். எனக்கு உயிர் ஆசை வந்துவிட்டது. உடல் கரை ஒதுங்கவில்லை, படகு கயிறறுந்து போய்விட்டது என்று தொழிற்சாலைக்காரர்கள் நினைத்தார்கள். அவர் ஒஸ்லோவுக்குப் போய்விட்டார் என்று நினைத்தார்கள். நினைக்கட்டும் என்று இருந்துவிட்டேன்."

"பிறகு கடதாசி கிடைத்ததுதானே. ஏன் குடும்பத்தைத் தேடவில்லை?"

"தேடினால் கண்டுபிடித்துவிடுவேன் என்ற பயம்." சுற்றியிருந்த புத்தகங்களைக் காட்டினார். "அதற்குப் பதிலாக இவற்றைத் தேடினேன். விருந்தாளியைக் கொன்ற கைக்கு என்ன தண்டனை என்று எல்லாவற்றிலும் இருக்கிறது. அன்பினால் கூப்பிட்டுக் கொன்றவன் என்ன செய்ய வேண்டும் என்று ஒன்றிலும் இல்லை. மலையில் கடல் இல்லையே. யாராவது ஒருவர் எழுதியிருப்பார் என்றுதான் வாங்கிக்கொண்டே இருந்தேன்."

எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு பொட்டலம் இருந்தது.

* * *

ஹவுகெட்டோ வீட்டு வாசலில் பஷ்க் நின்றுகொண்டார். உள்ளே கால் வைக்கவில்லை.

"ஆரவர்? உள்ளுக்கு வரச் சொல்லுங்கோ, குளிர் வருது," என்றார் யோசெப்பின், யாரென்று தெரியாமல்.

யூலியாவும் வேலையிலிருந்து வந்திருந்தாள். பஷ்க் தன் வாயாலேயே நோர்வேஜியனில் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை, சட்டையை ஆட்டியதையும் சொன்னார், தொலைபேசியை எடுக்காததையும் சொன்னார். துஷாராவுக்கு அன்றைக்கு மொழிபெயர்க்கிற வேலை இருக்கவில்லை. சொல்லி முடித்துப் பொட்டலத்தை மேசையில், அழைப்பிதழுக்குப் பக்கத்தில் வைத்தார்.

யோசெப்பின் பிரித்தார். சின்னச் சிவப்புச் சட்டை. கழுத்தில் கடை விலைத் துண்டு அப்படியே தொங்கியது. கைகளை விரித்தார், நீளத்தைத் தன் கையால் அளந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"அளவு சரியா வேண்டியிருக்கிறார்," என்றார். "பிள்ளை கைக்குழந்தையா இருக்கேக்கை பார்த்திட்டு வந்தவர். பிறகு படத்திலதான் பார்த்தவர். ஆனா நாலு வயசில இது இவளுக்கு அளவாத்தான் இருந்திருக்கும்."

"அம்மா," என்றாள் யூலியா.

"ஞாயிற்றுக்கிழமையாமெடி. நாங்கள் வந்து இறங்கினது செவ்வாய். நாங்கள் பிளேன் ஏறேக்கையே அவர் இல்லை. நீ அப்பா எங்கை, அப்பா எங்கை எண்டு கேட்டுக்கொண்டு நிக்கேக்கை..."

யோசெப்பின் எழுந்து குசினிக்குப் போனார். தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. கோப்பித் தட்டோடு வந்தார். துஷாராவுக்கும் எனக்கும் கொடுத்துவிட்டு பஷ்க்குக்கு முன்னால் போய் நின்றார். மனிதர் பழக்கதோசத்தில் குனிந்து, இடக்கையைத் தாழ நீட்டினார்.

"அந்தக் கை இல்லை," என்றார் யோசெப்பின் நோர்வேஜியனில்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். யோசெப்பின் சொன்ன மிச்சத்தை அவருடைய தமிழிலேயே தருகிறேன்.

"உங்களை மன்னிச்சிட்டன் எண்டு நினையாதையுங்கோ. படகைத் திருப்பினதுக்கு உங்களில பிழையில்லை. ஆனா ஒரு சொல் சொல்லாமல் விட்டியள். என்ரை மனுசனை ஓடிப்போனவன் எண்டு ஊர் முழுக்கச் சொல்ல, நானும் அதை நம்பிக்கொண்டு இருந்தனான். அதை மன்னிக்க எனக்குத் தெரியேல்லை. தெரிய வருமோ எண்டும் தெரியேல்லை." கோப்பையை நீட்டியபடியே நின்றார். "ஆனா என்ரை வீட்டில ஆருக்கும் இடக்கையால குடுக்கிறேல்லை. மற்றக் கையை நீட்டுங்கோ."

பஷ்க்கின் வலக்கை மேலே வர நேரமெடுத்தது. யோசெப்பின் அதுவரை நின்றார். வாங்கியவர் குடிக்கவில்லை. இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தபடி இருந்தார்.

யோசெப்பின் தொலைபேசியை எடுத்தார்.

"அண்ணை, யோசெப்பின் கதைக்கிறன். ஓம், கார்ட் விசயம்தான். அந்தச் சொல்லைப் போடுங்கோ. ஓம், வடிவாத் தெரியும். காலஞ்சென்ற பிலேந்திரன்." அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள். "இல்லை, இல்லை. சின்ன எழுத்தில வேண்டாம். அவரின்ரை பேரின்ரை அளவிலயே போடுங்கோ. எல்லாச் சனமும் வாசிக்கோணும்."

நல்ல செய்தி சொல்கிறவரின் குரலில்தான் சொன்னார். தொலைபேசியை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நிமிர்ந்து நின்றார். பிறகு அந்தச் சின்னச் சட்டையை இரண்டு கையாலும் வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் இருந்துவிட்டார். யூலியா ஓடிப்போய்ப் பிடித்தாள்.

"நீங்கள் வர இருந்தனீங்களே, என்ரை ராசா," என்று கதறினார். "நான் உங்களை எவ்வளவு திட்டித் தீர்த்தன். நீங்கள் வர இருந்தனீங்களே."